மேற்பார்வைக் குழுவுக்கு மதியச் சாப்பாடு

ஏப்ரல் 10, வியாழன்

இன்று வெள்ளிக்கிழமை இல்லை. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை.

காலையில் ஆயர் ஈத்தாம் பசாரில் மீன் வாங்கிக்கொண்டு, ஹெல்மெட் இல்லாமல், தலையில் தொப்பியோடு மோட்டாரில் வந்தேன். வெள்ளிக்கிழமை தொழுகைத் தொப்பி போட்டவனைப் போலீஸ் நிறுத்துவதில்லை. சட்டத்தில் அப்படி எங்கேயும் எழுதியிருக்காது. ஆனாலும் பினாங்கில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

ஜெலுத்தோங்கில் ரோட் பிளாக். ஒரு சின்னப் பையன் கை காட்டி நிறுத்தினான். "அங்கிள், இன்னிக்கி வியாழன்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "மன்னிச்சிடுங்க." என்ன சொன்னேன்? "தம்பி, கடைக்கு வாங்க லா. மீன் தலைக் கறி, என் செலவு."

அவன் தன் நெஞ்சைக் காட்டினான். அங்கே சின்னக் கறுப்புக் கேமரா, சிவப்பு விளக்கு. போட்டோ எடுக்கிறான் என்று நினைத்துச் சிரித்தேன்.

என் மூத்தவன் சாஹித்தும் போலீஸ்காரன்தான். ஸ்டேஷன் லோக்காப்பில் கைதிகளுக்குக் காவல் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சட்டைகூடக் கழற்றவில்லை.

"அத்தா, உங்கள நிறுத்தின அந்த ஃபிக்ரி என் கூட்டாளி. எங்க போலீஸ் பாலாய்ல எல்லாரும் அந்த வீடியோவப் போட்டுப் பாத்துட்டாங்க. நீங்க செஞ்சது ரசுவா. லஞ்சம்!"

"டேய், அது விருந்துடா."

சல்மா சமையலறையிலிருந்து: "கேமராவப் பாத்துச் சிரிச்சீங்களாமே. நம்ம கல்யாண போட்டோவுலகூட சிரிக்கல."

அபராதச் சமன் எழுதிவிட்டார்கள். சரிதான்.

ஏப்ரல் 15, செவ்வாய்

கடை டீவியில் செய்தி. நாடாளுமன்றத்தில் புதுக் குழு அமைக்கப் போகிறார்களாம், போலீஸ் முதலான அமலாக்கக்காரர்கள் நேர்மையாக நடக்கிறார்களா என்று மேற்பார்வை பார்க்க. குழுவின் முழுப் பெயரைச் செய்தி வாசிக்கிற பெண் சொல்லி முடிப்பதற்குள் ஒருவர் மீ கோரெங் சாப்பிட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

பக்கத்து டயர் கடை ராமசாமி அண்ணன் தேத்தாரிக் டீயை ஆற்றிக்கொண்டே, "போலீஸப் பாக்க ஏற்கெனவே ஒரு ஆணையம் இருக்கு. இப்ப ஒரு குழு. அந்தக் குழுவ யாரு லா பாக்குறது?" என்றார்.

"நாமதான் பாக்குறோமே, டீவில."

"அப்ப நமக்கு அலவன்ஸ் எங்க?"

நான் பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு நின்றவன். ஆனாலும் கடையில் எலி வந்தால் பூனை வாங்குவேன். எலியைப் பற்றி அறிக்கை எழுத ஆள் வைக்க மாட்டேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

குழுவுக்குத் தலைவர் யார் என்று இழுபறியாம். தங்களில் நேர்மையானவர் யார் என்று அவர்களுக்கே இன்னும் பிடிபடவில்லை போல.

ஏப்ரல் 27, ஞாயிறு

சாஹித் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. காதல்தான் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அவ்வளவுதான் என் புத்தி.

இன்று சல்மா கேட்டதும் சொல்லிவிட்டான். எந்தப் பாலாய் என்று இங்கே எழுத மாட்டேன். லோக்காப்பில் ஒருவர். ஏதோ சந்தேகத்தில் பிடித்து வந்தவர். இழுப்புக்காரர். மூச்சு முட்டுகிறது, பம்ப் வேண்டும், பையில் இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். சார்ஜன், "நடிக்கிறான், விடு" என்றாராம். திரும்பக் கேட்டிருக்கிறார். இவன் போய்ச் சொல்லியிருக்கிறான். "உன் வேலையப் பாரு." கடைசியில் இவனே ஓடிப்போய்ப் பையைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தபோது அவர் கீழே கிடந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் இல்லை.

இப்போது உள்விசாரணை. எல்லாரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டுமாம். அவர் எதுவும் கேட்கவில்லை, தூங்குகிறார் என்று நினைத்தோம், என்று.

நான் உடனே சொன்னேன்: "கேக்கலன்னு சொல்லிடு. செத்தவன் திரும்பி வரவா போறான்? உனக்கு வேலை இருக்கணும்ல."

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். சல்மா என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மே 6, செவ்வாய்

குழு ஒருவழியாகப் பிறந்துவிட்டது. ஊர் ஊராகப் போய் மக்கள் குரலைக் கேட்கப் போகிறார்களாம். பினாங்குக்கும் வருகிறார்கள். அவர்களுக்கு மதியச் சாப்பாடு யார் கடையிலிருந்து தெரியுமா? இந்த நேர்மையாளன் கடையிலிருந்து.

ஆர்டர் எடுத்துவந்த பெண் நூருல், குழுவின் அலுவலகத்தில் வேலை. வாயும் கையும் சுறுசுறுப்பு. ஓர் உறுப்பினருக்கு உறைப்பு ஆகாது. ஒருவருக்குக் கொலஸ்ட்ரால், ஆனால் ஆட்டுக்கறி வேண்டும். இன்னொருவர் சோறு சாப்பிட மாட்டார், பிரியாணி சாப்பிடுவார். போனதும் போன் பண்ணி இரண்டு தடவை மாற்றினாள். குழு இன்னும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மெனு மட்டும் மூன்றாவது வாசிப்புக்கு வந்துவிட்டது.

"ரோஸ் சிராப் சும்மா தர்றேன்மா," என்றேன்.

"சும்மா எதுவும் வேணாம் அங்கிள். எல்லாத்துக்கும் ரசீது."

ஒரே வருஷத்தில் இரண்டாவது லஞ்சம். என் நாக்குக்கும் யாராவது ஒரு கேமரா மாட்டினால் தேவலை.

மே 11, ஞாயிறு

துவான் ஸுல்கிஃப்லி வந்தார். சாஹித்தின் பெரிய அதிகாரி. வாரம் ஒருநாள் வருவார். யூனிஃபார்ம் போட்டவரிடம் என் கடையில் பில் நீட்டுவதில்லை. என் அத்தா காலத்துப் பழக்கம். யாரும் கேட்டு வாங்குவதில்லை, நாங்களும் கொடுப்பதாக நினைப்பதில்லை. எழுந்து போகும்போது கல்லாவில் இருக்கிற அஸ்ஹர் காசு வேண்டாம் என்கிற மாதிரி கையை ஆட்டுவான். அவ்வளவுதான்.

மீன் தலையின் கண்ணைத் தோண்டிச் சாப்பிட்டுக்கொண்டே மலாயில் மெதுவாகச் சொன்னார்: "உங்க மகன் நல்ல பையன். குழுகிட்ட பேசறேன்னு பேர் குடுத்திருக்கான் போல. சின்ன வயசு. அப்பா சொன்னா கேப்பான்."

நான் என்ன சொன்னேன்? "தெரிமா காசி, துவான்." பையனை மிரட்டினதற்கு நன்றி!

அவர் கையைத் துடைத்துக்கொண்டு போனார். அஸ்ஹர் கையை ஆட்டினான்.

வீட்டில் சண்டை. சாஹித்துக்குத் தெரிந்த லாயர் சொன்னாராம்: தப்பை முறைப்படி போலீஸ் இலாகாவிடமே போய்ச் சொன்னால் சட்டப் பாதுகாப்பு உண்டு. குழுவிடம் போய்ச் சொன்னால் அது கிடைக்குமா என்பது சந்தேகம்தானாம். அதாவது கோழி காணாமல் போனால் நரியிடம் புகார் கொடுத்தால்தான் நமக்குப் பந்தோபஸ்து. இந்தச் சட்டத்தை எழுதினவர் எந்த ஸ்கூலில் படித்தார்? மூன்றாம் படிவமாவது தாண்டியிருப்பாரா?

"அப்புறம் எதுக்குடா போற? அவங்க சாப்பிட வர்றாங்கடா. எனக்குத் தெரியாதா, நான்தானே சமைக்கிறேன்!"

"அந்த ஆளு கேட்டாரு அத்தா. என்கிட்டதான் கேட்டாரு."

அதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். நான்தான் பேசிக்கொண்டே இருந்தேன்.

மே 19, திங்கள்

இன்றும் அவன் என்னோடு பேசவில்லை. "சாவி எங்க" என்று கேட்டதைக் கணக்கில் சேர்த்தால், பேசினான்.

மே 21, புதன்

வேனில் சாப்பாட்டை ஏற்றிக்கொண்டு நானே போனேன். அஸ்ஹர் போதும். ஆனாலும் போனேன்.

டவுனில் பெரிய மண்டபம். உள்ளே குளிர். வெளியே பெஞ்சில் சாஹித், பெருநாளைக்கு எடுத்த வெள்ளைச் சட்டையில். என்னைப் பார்த்தான். நான் குழம்புச் சட்டியைப் பார்த்தேன். அவனுக்குப் பிறகு பேச வேண்டியவர்கள் நிறையப் பேர், பலகையில் பெயர் போட்டிருந்தது. இவன் பெயர் மட்டும் இல்லை. மூடின கதவுக்குள்ளே பேசுகிறவர்களுக்குப் பெயர் போடுவதில்லையாம்.

முதலில் மாண்புமிகுகள் சாப்பிட்டார்கள். உறைப்பு ஆகாதவர் கறியை மூன்று தடவை போட்டுக்கொண்டார். ஒருவர் என் தோளைத் தட்டி "சேடாப்!" என்றார். நல்ல ருசி என்று அறிக்கையில் எழுதுவார்களோ என்னவோ.

அப்புறம் சாஹித்தை உள்ளே கூப்பிட்டார்கள். கதவில் ஒரு துண்டுக் கண்ணாடி. அதில் அவன் பிடரி தெரிந்தது. எதிரே ஒருவர் பல்லைக் குத்திக்கொண்டிருந்தார். நான் பாத்திரம் எடுக்கிற சாக்கில் அங்கேயே நின்றேன். எந்தப் பாத்திரமும் அங்கே இல்லை.

அவன் உட்கார்ந்திருந்த பெஞ்சின் இன்னொரு முனையில் ஓர் அம்மா. நவமணி என்று பெயர், ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டில் இருக்கிறார். செத்துப்போனவரின் மனைவி. எனக்கு எப்படித் தெரியும்? அவரே சொன்னார். ஒரு பொட்டலம் சோறு கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டார், பிரிக்கவில்லை.

"நீங்க யாருண்ணே?"

"சாப்பாடு கொண்டுவந்தவன்மா."

"லோக்காப்புல அவரு கூட இருந்த ஆளு ஒருத்தரு சொன்னாரு. அங்க ஒரு போலீஸ்காரப் பையன் எங்க வீட்டுக்காரருக்காக ஓடினானாம். அந்தத் தம்பி வாயத் திறந்தா போதும்ண்ணே. அவரு நடிக்கலன்னு ஒருத்தர் சொன்னா போதும். எங்க பிள்ளைங்க அதக் கேட்டா போதும்." கதவைப் பார்த்தார். "பேசுமாண்ணே அந்தப் புள்ள?"

"தெரியலம்மா," என்றேன்.

அவர் முறை வரவே இல்லை. நேரம் ஆகிவிட்டது, எழுதி அனுப்புங்கள் என்று நூருல் வந்து சொன்னாள். முகவரியைத் தானே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்.

சாஹித்தை வேனில் முன்னால் ஏற்றிக்கொண்டேன்.  வீட்டு வாசலில் இறங்கும்போது, "எல்லாத்தையும் சொல்லிட்டேன், அத்தா," என்றான். "பசிக்குதா?" என்று கேட்டேன்.

மே 25, ஞாயிறு

துவான் ஸுல்கிஃப்லி வந்தார், சாப்பிட்டார், எழுந்தார். அஸ்ஹர் கையைத் தூக்கினான். நான் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, பில்லை நீட்டினேன்.

அவர் அதை ஏதோ சீனப் பத்திரிகையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். திருப்பிக்கூடப் பார்த்தார். பிறகு கொடுத்தார். மீதிச் சில்லறையை வாங்காமல் போனார்.

 வீரம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பாத்ரூமுக்கு ஓடினேன்.

ஜூன் 3, செவ்வாய்

கடை முன்னால் நிறுத்தியிருந்த மோட்டார் எல்லாவற்றுக்கும் சமன். ராமசாமி அண்ணனுடையதற்கும். "உன் கடைல ஒரு டீ குடிச்சதுக்கு இவ்ளோவா?" என்றார். நாளைக்கும் வந்து அதே இடத்தில் நிறுத்துவேன் என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

ஜூன் 20, வெள்ளி

சாஹித்துக்கு மாற்றல். சரவாக் உள்நாடு. பாதி தூரம் படகில் போக வேண்டுமாம். தண்டனை இல்லையாம், "வழக்கமான இடமாற்றம்". இவ்வளவு காலமும் வழக்கத்தில் இல்லாத வழக்கம்.

பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் சல்மா அழுதாள். நான் நெத்திலி சம்பல் போத்தலை அவன் பையில் திணிப்பதில் மும்முரமாக இருந்தேன். அதைத் தண்ணி என்று சொல்லிச் சோதனையில் பிடுங்கிவிட்டார்கள். அங்கே மட்டும் சட்டம் கண்ணும் கருத்துமாக இருக்கிறது.

ஜூலை 24, வியாழன்

குழுவின் அறிக்கையை அடுத்த கூட்டத்தொடரில்தான் எடுப்பார்களாம். இந்தத் தொடரில் நேரம் இல்லை. நாற்காலியைத் தூக்கி எறிவதற்கும் ஒருவரையொருவர் மன்னிப்புக் கேட்கச் சொல்வதற்குமே நேரம் சரியாகிவிட்டது. டீவியை அணைக்கச் சொன்னேன். அஸ்ஹர் பந்து விளையாட்டுக்கு மாற்றினான். அதில் நடுவர் ஒருவராவது ஓடுகிறார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மதியக் கூட்டம் குறைந்த நேரம். நவமணி அம்மா கடைக்கு வந்தார், இரண்டு பிள்ளைகளோடு. அன்றைய பொட்டலத்தில் கடைப் பெயர் இருந்ததாம்.

மரண விசாரணை வைக்கக் கோர்ட்டு உத்தரவு போட்டுவிட்டது. குழுவிலிருந்து யாரோ இரண்டு பேர், அறிக்கைக்குக் காத்திராமல், கடிதம் எழுதிக் குடைந்திருக்கிறார்கள். பல்லைக் குத்தினவராகவும் இருக்கலாம். எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். இத்தனை நாள் திட்டியதை இனி யார் தலையில் போடுவது?

"உள்ள ஒரு போலீஸ்காரத் தம்பி நடந்ததையெல்லாம் சொல்லிருச்சாம்ண்ணே. பேரச் சொல்ல மாட்டேங்குறாங்க. எங்கயோ தூரமா அனுப்பிட்டாங்களாம்." சின்னவனின் தட்டில் முள் எடுத்துக்கொண்டே சொன்னார். "யாரு பெத்த புள்ளையோ. அவங்க அப்பா எப்படிச் சொல்லி வளத்திருப்பாரு."

"இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தவாம்மா?" என்றேன்.

ஊற்றினேன். வேண்டிய அளவுக்கு மேலேயே ஊற்றிவிட்டேன். சின்னவன் சிரித்தான்.

என் பிள்ளைதாம்மா என்று சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் அவர் கேட்டது பிள்ளையை இல்லையே. அப்பாவை. நான் அவனுக்கு என்ன சொன்னேன் என்பதை அந்தத் தட்டுக்கு முன்னால் நின்று எப்படிச் சொல்வேன்?