மேல் தட்டுக்குப் போன டீத்தூள் டப்பா

என்னங்க,

டீத்தூள் டப்பாவைக் கீழே தேடாதீங்க. பழையபடி மேல் தட்டுல இருக்கு. நானே கையைத் தூக்கி வெச்சேன்!

புத்துநோய்க்கு எடுத்த மார்புக்குப் பதிலா புது மார்பு வெச்சுத் தைச்ச ஆபரேஷன் முடிஞ்சதுலேர்ந்து, வீட்டுச் சாமான் அத்தனையையும் என் இடுப்பு உயரத்துக்கு இறக்கி வெச்சீங்க. அதுக்குக் கோடி புண்ணியம். ஆனா இனிமே கையைத் தூக்கலாம்னு நேத்து டாக்டரம்மா சொன்னதுக்கு, "அவங்களுக்கென்ன, வாயால சொல்லிட்டுப் போயிடுவாங்க"ன்னு கத்தினீங்க பாருங்க, அதான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன்.

தலையும் நானே வாரிக்கிட்டேன். நீங்க போட்டுவிட்ட பின்னல் கோணல்மாணல்தான். ஆனாலும் அவிழ்க்கும்போது என்னவோ போல இருந்துச்சு.

நம்ம தையல் கடைக்குப் போறேன். மெஷினைத் தொட மாட்டேன், சத்தியமா! ஊருக்கெல்லாம் அளவெடுத்தவ, இன்னைக்கு எனக்கொரு புதுச் சட்டைக்கு அளவு கொடுக்கப் போறேன்.

சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். சுட வெச்சுச் சாப்பிடுங்க.

சொல்ல மறந்துட்டேன். தூக்கத்துல உங்க கை பட்டுடுமோன்னு நமக்கு நடுவுல ஒரு தலையணை போட்டு வெச்சிருந்தீங்களே, அதையும் பீரோ மேல ஏத்திட்டேன். கை நல்லாவே எட்டுச்சு.

இறக்கிடாதீங்க.