ஒழுகும் டின்னில் புதினா

அக்கா,

இன்று காலை துவையலுக்குப் புதினா கிள்ளினேன். சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் வாசம் போகவில்லை. உங்களிடம் பேச வேண்டும் போலிருந்தது.

ரப்பர் தோட்டத்தை விற்று, நாம் குடியிருந்த லயத்தை இடித்து, நம்மை ஈப்போ டவுன் அடுக்குமாடிக்கு அனுப்பினார்களே, எண்பதுகளின் தொடக்கத்தில். தோட்டத்தில் அடுத்தடுத்த நிரையில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்த நமக்கு, மூன்றாம் மாடியில் அடுத்தடுத்த வீடு. நான் சந்தோஷப்பட்டேன். நீங்களோ வந்த நாளே படுத்துவிட்டீர்கள். உங்கள் வீட்டுக்காரரைப் புதைத்த மண்ணை விட்டு வந்தது உங்களைத் தின்றது. "அம்மா சாப்பிடவே மாட்டேங்குது, சித்தி. இப்படியே போயிருமோன்னு பயமா இருக்கு லா," என்று உங்கள் மகன் என்னிடம் வந்து அழுதான்.

எனக்கு மட்டும் என்ன தெரியும்? கைக்கு ஒரு வேலை இருந்தால் எழுந்திருப்பீர்கள் என்று நினைத்தேன். பசாரில் ஒரு கட்டு புதினா வாங்கி, அடியிலைகளை உருவி, தண்ணீரில் வேர் விடவைத்தேன். பால்மாவு டின்களின் அடியில் ஆணியால் துளை போட்டு, மண் நிரப்பித் தந்தேன். நீங்கள்தான் நட்டீர்கள். அழுகிப்போனது. மறுபடி நட்டீர்கள். அதுவும் அழுகியது.

"இந்த வீட்ல எதுக்கும் உயிர் நிக்காது. விடு."

எனக்கு வந்த கோபத்தில் டின்னைக் கவிழ்த்தேன். அடியில் நான் போட்ட துளைகளையெல்லாம் மெழுகு உருக்கி அடைத்திருந்தீர்கள்!

"என்னக்கா இது?"

"ஒழுகுச்சு லா. ஒழுகுற பால் மங்க மரத்துல மாட்டுனா கங்காணி சும்மா விடுவானா?"

மரத்தில் மாட்டும் மங்குக் கோப்பையில் பிடித்த பால் ஒரு சொட்டுக்கூடச் சிந்தக் கூடாது என்று வளர்ந்த கைகள் வேறென்ன செய்யும்? நான் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். பிறகு என் தோளில் சாய்ந்து, அவரை நினைத்து அழுது தீர்த்தீர்கள். அப்புறம் இருவரும் உட்கார்ந்து மெழுகைச் சுரண்டினோம்.

அடுத்த நடவு பிடித்துக்கொண்டது. மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர் விடப் பழகினீர்கள். தனியாவை இரண்டாக உடைத்து மல்லியும் விதைத்தீர்கள். வாசல் நடையில் டின்களை வைத்தால் நடக்க இடமில்லை என்று திட்டிய எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டியே பிறகு மல்லித்தழை கேட்டு வந்தார். "இன்னும் சின்னதா இருக்கு, நாளைக்கு வாங்க," என்றீர்கள். உங்கள் வாயிலிருந்து நாளை என்ற சொல்லைக் கேட்டு எத்தனை மாதமாகியிருந்தது!

சில வருடங்கள் கழித்து நீங்களும் அவரிடம் போய்ச் சேர்ந்தீர்கள். மறுநாள் எனக்குப் படுக்கையை விட்டு எழ மனமில்லை. வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. உங்கள் டின்களுக்கு யாரும் தண்ணீர் விட்டிருக்க மாட்டார்கள் என்று தோன்றியதும் எழுந்து போனேன். இன்றுவரை அப்படித்தான் எழுந்துகொண்டிருக்கிறேன், அக்கா.