ஆமென் சொன்ன பிறகும்

சேலையூர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு,

ஜெரூஷா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் இங்கே அத்தையும் நானும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் கை போனது. உங்களிடம்கூடவா இந்தப் பொய் என்று நிறுத்திக்கொண்டேன். பாளையங்கோட்டையில் உங்கள் அக்கா பிளஸ்ஸி மதினியும் பிள்ளைகளும் நலமா? நீங்கள் தூங்குகிறீர்களா?

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பீர்கள். நீங்கள் ரயிலேறிய நாளிலிருந்து உங்கள் போன் அணைந்தே கிடக்கிறது. மதினி போனில் கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டு வீடே கேட்கிறது. தம்பி நல்லா சாப்பிடுறான், நீ கவலைப்படாதே என்று மதினியே உங்களுக்காகப் பதிலும் சொல்லிவிடுகிறார். நான் எழுதப்போவது ஸ்பீக்கரில் போடுகிற சங்கதி இல்லை. அதனால்தான் கவரை நன்றாக ஒட்டி, உங்கள் பெயருக்கு அனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

முதலில் வீட்டுச் செய்தி. மழை தொடங்கிவிட்டது. கேம்ப் ரோட்டில் தோண்டிய பள்ளத்தை மூடாமலே போய்விட்டார்கள் புண்ணியவான்கள். ஸ்கூட்டியில் பள்ளிக்கூடம் போய்ச் சேருவதற்குள் சேலையெல்லாம் சேறு. செம்பாக்கம் ஏரி பாதி நிரம்பிவிட்டதாம், கீழே ஹார்டுவேர் கடை கேசவன் அண்ணன் சொன்னார். ஷட்டரைத் தூக்கும்போது என்னைப் பார்த்தால் சார் எப்போ வர்றாரு என்று ஒரு முறை கேட்காமல் இருக்க மாட்டார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நல்ல மனிதர்.

காலாண்டு விடைத்தாள் கட்டுகளைக் கட்டிலில் உங்கள் பக்கம் வைத்திருக்கிறேன். திருத்தி முடித்தும் எடுக்கவில்லை. அந்தப் பக்கம் வெறுமையாகக் கிடந்தால் எனக்குப் படுக்கப் பிடிக்கவில்லை. ஃபேனையும் உங்களுக்குப் பிடித்தபடி ஐந்தில் ஓடவிட்டு, குளிருக்குப் போர்த்திக்கொண்டு படுக்கிறேன். சிரிக்காதீர்கள். சிரித்தாலும் பரவாயில்லை, நீங்கள் சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

தாம்பரம் ஸ்டேஷனில் ஜன்னல் கம்பி வழியாக நீங்கள் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "உனக்கு ஒரு புருஷனா இருக்க என்னால முடியலை ஜெரூ. நீ உன் வாழ்க்கையைப் பாத்துக்கோ." மதினி பெட்டியைச் சங்கிலியால் கட்டிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை தண்ணீர் பாட்டிலோடு வந்துவிட்டார்கள். வண்டியும் நகர்ந்துவிட்டது. அன்று சொல்ல முடியாத பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். இவ்வளவு தாமதம் ஏனென்றால், நீங்கள் சொன்னது எனக்கே போன வாரம்தான் முழுதாக விளங்கியது.

போன வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டு டாக்டர் லோகநாயகியைப் பார்க்கப் போனேன். தனியாக. அத்தையிடம் பேரன்ட்ஸ் மீட்டிங் என்று சொன்னேன்.

அந்த அறைக்கு நாம் எப்போதும் மூன்று பேராகத்தானே போனோம். நடு நாற்காலியில் அத்தை. டாக்டரிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று ஆட்டோவில் உங்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டே வருவார்கள். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, ஆபீஸ் போகிறாரா என்று டாக்டர் கேட்பார். நல்லா தூங்குறான், ரெண்டு இட்லி கூடச் சாப்பிடுறான் என்று அத்தையே சொல்வார்கள். ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ரிட்டயர் ஆனவர்கள், பரீட்சை ரிசல்ட் வாசிப்பது போலவே இருக்கும். நாம் இரண்டு பேரும் தலையாட்டுவோம். மறைக்க வேண்டாம்தான், ஆனால் பெற்ற தாய் நடுவில் உட்கார்ந்திருக்கும்போது அதை யார் சொல்வது?

மனச்சோர்வுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த அந்த மாத்திரை உங்களை எழுப்பி உட்கார வைத்தது. அதை நான் மறக்கவில்லை. அழுகை நின்றது, ஷேவ் செய்தீர்கள், ஆபீஸ் போனீர்கள். ஆனால் படுக்கையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் அப்படியே இருந்துவிட்டீர்கள். உடம்பு தேறட்டும் என்று முதலில் பொறுத்தேன். பிறகு நான் குண்டாகிவிட்டேனோ என்று கண்ணாடி பார்த்தேன். உங்கள் ஆபீஸில் யாரோ என்றுகூட ஒரு வாரம் சந்தேகப்பட்டேன். பத்தாம் வகுப்புக்கு இனப்பெருக்கப் பாடத்தைப் போர்டில் படம் போட்டு நடத்துகிறவள் நான். அதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று தாண்டிப் போகிற டீச்சர்களை ஸ்டாஃப் ரூமில் கேலி செய்கிறவள். ஏன் என்னைத் தொடுவதே இல்லை என்று சொந்தப் புருஷனைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை பாருங்கள்.

போன வருஷம் நம் திருமண நாள் ஞாயிறு உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? கோயிலில் போதகர் எலியேசர் ஐயா நம் பெயரை வாசித்ததும் காணிக்கைக் கவரோடு பீடத்துக்கு முன்னால் போய் நின்றோம். எல்லா ஜோடிக்கும் செய்வது போல நம் கைகளையும் எடுத்துச் சேர்த்து வைத்து ஜெபித்தார். அத்தான், உங்கள் விரல் என் விரலில் பட்டு மாதக்கணக்காகியிருந்தது. ஐயா கர்ப்பத்தின் கனிக்காக மன்றாடிக்கொண்டிருந்தார். நான் ஒன்றையும் கவனிக்கவில்லை. இந்த ஜெபம் இன்னும் நீளக் கூடாதா என்றுதான் நின்றேன். ஆமென் என்றதும் நீங்கள் கையை எடுத்துக்கொண்டீர்கள். சபை கை தட்டியது.

பிறகு இந்த வருஷம் பெந்தெகொஸ்தே ஞாயிறு. ஆண்டவர் எனக்குச் சுகம் தந்தார், மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது என்று நீங்கள் எழுந்து சாட்சி சொன்னீர்கள். கோயில் முழுக்க அல்லேலூயா. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும்தான். எனக்கு அதை நம்பக் காரணம் இருந்தது. அந்த வாரங்களில் நீங்கள் என் பக்கம் திரும்பியிருந்தீர்கள். எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன். கல்யாணமான புதிதைவிட எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. காலையில் தோசை வார்த்துக்கொண்டே பாடினேன். என்ன, குரல் தூக்கலா இருக்கு என்று அத்தையே கேட்டார்கள்.

ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. முதலில் தூக்கம் போயிற்று. பிறகு பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதீர்கள். ஆபீஸ் போகிறேன் என்று கிளம்பி, பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் நாளெல்லாம் உட்கார்ந்திருந்தீர்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகிற கூட்டத்துக்கு நடுவில், எந்த பஸ்ஸிலும் ஏறாமல். கேசவன் அண்ணன் அந்த வழியாக வந்தது ஆண்டவர் செயல். "இன்னா சார், இங்க குந்திகினு கீறீங்க? வாங்க, வூட்டுக்குப் போலாம்" என்று பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். மறு வாரமே மதினி வந்து இடம் மாறினால் சரியாகும் என்று உங்களை அழைத்துப்போனார்.

இதையெல்லாம் டாக்டரிடம் கொட்டினேன். மாத்திரையை எப்போது நிறுத்தினீர்கள், அதற்கு முன்னும் பின்னும் நம் இருவருக்குள்ளும் எப்படி இருந்தது என்று கேட்டார். வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னேன். சொல்லிக்கொண்டு வரும்போதே எனக்கு உறைத்துவிட்டது. டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். இந்த நோயே ஆசையைக் குறைக்கும், சிலருக்கு மாத்திரையும் குறைக்கும் என்றார். அளவை மாற்றலாம், வேறு மாத்திரை பார்க்கலாம், வழி இருக்கிறது, ஆனால் திடீரென்று தானாக நிறுத்தியதுதான் உங்களைக் கீழே தள்ளியிருக்கிறது என்றார். அப்புறம் சொன்னார்: "தூக்கத்தைக் கேக்கிறேன், பசியைக் கேக்கிறேன். இதையும் நான் கேட்டிருக்கணும்மா. இது மனசுக்கு வெளியில இருக்கிற விஷயம் இல்ல. கேக்காம விட்டது என் தப்பு."

நான் எழுந்திருக்கப் போனேன். உட்காருங்க, உங்களுக்கு எப்படி இருக்கு என்று கேட்டார். இத்தனை மாதத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்கவில்லை அத்தான். தனியா இருக்கேன் டாக்டர் என்றேன், அவ்வளவுதான். வெளியே அடுத்த ஆள் காத்திருக்க, உள்ளே உட்கார்ந்து அழுது தீர்த்தேன்.

எனக்காகவா நிறுத்தினீர்கள்? என் பக்கம் திரும்ப வேண்டும் என்றா? அதைச் சொல்ல வெட்கப்பட்டா சாட்சி சொன்னீர்கள்? சொன்ன பிறகு மறுபடி மாத்திரை எடுத்தால் ஆண்டவரையே பொய்யாக்கியது போலாகும் என்று உங்களுக்குள்ளேயே மாட்டிக்கொண்டீர்களா? எனக்குக் கோபம் வருகிறது. உங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திட்ட வேண்டும் போல ஒரு கோபம். நான் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டுதான் வேதம் வாசிக்கிறேன். அதனால் என் விசுவாசம் குறைந்துவிட்டதா?

உங்கள் வார்த்தைக்குப் பதில் இதுதான். எனக்கு ஆசை இல்லை என்று சொல்லமாட்டேன். இருக்கிறது. அதற்கு வெட்கப்படவும் போவதில்லை. ஆனால் என்னைத் தனியாக்கியது அது இல்லை. மாத்திரை போட்டால் இப்படி ஆகிறது ஜெரூ என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் பக்கத்தில் சும்மா படுத்திருந்திருப்பேன். சுவர்ப்பக்கம் நீங்களும் இந்தப் பக்கம் நானும், ஒரே விஷயத்துக்காக இரண்டு பேரும் தனித்தனியாக அழுதிருக்கிறோம். வேறு வாழ்க்கை எனக்கு எங்கே இருக்கிறது? இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

அத்தையிடம் பேரன்ட்ஸ் மீட்டிங் பொய்யை அன்றே ஒத்துக்கொண்டேன். இனி டாக்டரிடம் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போகிறோம் என்று மட்டும் சொன்னேன், காரணம் சொல்லவில்லை. அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி மடிக்கத் தொடங்கினார்கள். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

சனிக்கிழமை நம் வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம். வழக்கம்போல என்னை நடுவில் முழங்காலில் நிற்க வைத்துத் தலையில் கை வைத்தார்கள். கர்ப்பத்தின் கனி என்று ஒருவர் தொடங்கியதும் அத்தை நிறுத்தினார்கள். "குழந்தைக்கு இன்னைக்கு வேண்டாம். அவங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் நல்லா இருக்கணும், அதுக்கு மட்டும் ஜெபிங்க." எல்லோரும் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அப்படியே ஜெபித்தார்கள். அவர்கள் போனதும் டம்ளர்களைக் கழுவிக்கொண்டே, நான் அந்த ரூமுக்குள்ள வராம இருந்திருக்கணும் என்றார்கள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பக்கத்தில் நின்று டம்ளர்களைத் துடைத்து வைத்தேன்.

அடுத்த வாரச் சனிக்கிழமை காலை டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். இரண்டு நாற்காலி போதும் என்று சொல்லியிருக்கிறேன். அதுவரை பழைய மாத்திரையை நீங்களாக எடுத்துப் போட வேண்டாம் என்றார். டாக்டரின் நம்பரைக் கவரின் உள்பக்கம் எழுதியிருக்கிறேன். மனசு தாங்காது என்று தோன்றினால் எந்த நேரமானாலும் கூப்பிடச் சொன்னார். எனக்கும் கூப்பிடலாம். ஒன்றும் பேச வேண்டாம், கூப்பிட்டுவிட்டுச் சும்மா இருந்தால்கூடப் போதும்.

மறுநாள் ஞாயிறு நம் திருமண நாள் ஜெபம். ஐயா பெயரை வாசிப்பார். நீங்கள் வராவிட்டாலும் நான் எழுந்து போய் முன்னால் நிற்பேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். சாட்சியைப் பற்றி நீங்கள் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம், யாராவது கேட்டால் பதில் சொல்ல என் வாய் இருக்கிறது.

ஆண்டவர் உங்களுக்கு நல்ல உறக்கம் தரட்டும். விடைத்தாள்களைக் கட்டிலிலிருந்து எடுத்துவிடுகிறேன். நீங்கள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாலும் சரி, வந்து படுங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு ஐயா நம் கைகளைச் சேர்த்து வைத்தால், ஆமென் சொன்ன பிறகும் கையை எடுத்துவிடாதீர்கள்.

உங்கள்
ஜெரூஷா