சனிக்கிழமைச் சந்தைக்கு அக்கா தனியாக

ஜூலை 5, சனி

கே.எல். போய் வந்தேன், அதாவது கோலாலம்பூர். லோரோங் தார் சந்தில் சனிக்கிழமை பசார் மாலாம், ராத்திரிச் சந்தை. மனுசன் போகிற இடமா அது? துளசி அக்காவின் தையலுக்கு லேஸ் வேண்டும். கடையிலிருந்து படம் அனுப்பினேன், சரி என்றாள், வாங்கினேன். வீட்டில் பிரித்துப் பார்த்துவிட்டு, "டேய், கிளிப்பச்சை கேட்டா பாசிப்பச்சைய வாங்கிட்டு வந்திருக்கே" என்கிறாள். கடை விளக்கு மஞ்சள், கேமராவில் நிறம் மாறும் — விளக்கினேன். காதிலேயே வாங்கவில்லை.

"அதான் நானே போறேங்கிறேன்."

அம்மா அடுப்படியிலிருந்தே, "சும்மா இரு லா. அந்தக் கூட்டத்துல உன் நாற்காலிய எவன் பாப்பான்?"

மோட்டார் சைக்கிள் விபத்தில் அக்காவுக்குக் கால்கள் செயலிழந்து, பேட்டரி வைத்த சக்கர நாற்காலிக்கு வந்ததிலிருந்து ஆஸ்பத்திரி, கோயில் — அவ்வளவுதான் அவள் வெளியே போவது.

ஜூலை 9, புதன்

அக்கா சாப்பிட வரவில்லை. சரி, நானே கூட்டிக்கொண்டு போய்த் தொலைகிறேன்.

ஜூலை 12, சனி

ரவாங் ஸ்டேஷன் வரை கார், அப்புறம் ரயில். நான் கூடப் போவதால் அம்மா விட்டாள். சந்துக்குள் முன்னால் நடந்து, மலாயில் கத்திக் கத்தி வழி விலக்கினேன். லேஸ் வாங்க வந்தவள் செருப்புக் கடையில் நாற்காலியை நிறுத்துகிறாள். "எனக்கு ஒரு ஜோடி ஆயுசுக்கும் வரும்டா, தேயவே தேயாது" என்று அவளே சொல்லிச் சிரிக்கிறாள். இதற்கு நான் எப்படிச் சிரிப்பது?

லேஸ் கடை மதார் சாகிபு என்னைப் பார்த்து, "தம்பி, அக்காவுக்கு எந்தக் கலர் வேணும்?" என்றார். "கிளிப்பச்சை" என்றேன். நேரமாகிறது, யார் சொன்னால் என்ன?

"பாய், எனக்குக் கால்தான் வராது. வாய் நல்லா வரும்" என்றாள் அக்கா.

அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. முக்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். கடையில் இருந்த அத்தனை பச்சையும் அவள் மடிக்கு வந்தது. பேரம் வேறு. நான் போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரயிலில் சொன்னாள்: "அடுத்த தடவை நீ வராதே. நீ பக்கத்துல நின்னா எல்லாரும் உன்கிட்டதான் பேசறாங்க. நீயும் பதில் சொல்லிடறே."

ஜூலை 13, ஞாயிறு

வழி விலக்கினது தப்பா? தூக்கி ரயிலேற்றினது தப்பா?

— பதில் சொன்னது தப்பு. சரி.

ஜூலை 20, ஞாயிறு

நாற்காலிக்குப் பெரிய பேட்டரி மாட்டினேன். ஹாரன் வைத்தேன். கூட்டத்தில் தெரிய உயரமாக ஒரு சிவப்புக் கொடி. கொடியைப் பிடுங்கி என்னிடமே கொடுத்தாள். "நான் என்ன லோரியா?"

ஜூலை 26, சனி

போய்விட்டாள். தனியாக. ரவாங்கில் ரயிலேற்றிவிட்டது நான் என்று அம்மா என்னோடு பேசவில்லை.

மாலையிலிருந்து ரவாங் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தேன். போனை எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன், எடுக்கவில்லை. தேடிப் போகலாமென்று டிக்கெட்டே எடுத்துவிட்டேன். அப்போதுதான் இறங்கினாள், மடி நிறையப் பை. சக்கரம் சாக்கடை மூடியில் மாட்டிக்கொண்டதாம். சோளம் விற்கிற மலாய்க்காரம்மாவும் அவள் புருசனும் தூக்கிவிட்டார்களாம். அதைக் கதை மாதிரிச் சொல்கிறாள்!

"போன எடுத்தா என்ன லா?"

"கையில சோளம் இருந்துச்சுடா."

திட்ட வாயெடுத்தேன். முடியவில்லை. அந்த மலர்ந்த முகத்தைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு!

வீட்டில் அம்மா பையை வாங்கிக்கொண்டாள். பையைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். கடைசியில், "கைலி எல்லாம் விக்கிறானா அங்க?" என்றாள்.

ஆகஸ்ட் 9, சனி

அம்மாவும் அக்காவும் கே.எல். போயிருக்கிறார்கள். நானும் வரட்டுமா என்றேன். "நீ வந்தா அவசரப்படுத்துவே" என்றாள் அம்மா. அம்மா!

இங்கே மழை பிடித்துக்கொண்டது. அங்கேயும் இருக்கும். எங்கேயாவது ஒதுங்கியிருப்பார்கள். மூன்று பேருக்கும் சோறு வைத்துவிட்டேன்.