பெரியம்மைக்கு முதல் வரிசையில் ஒரு நாற்காலி

10 ஜூலை 1953, வெள்ளி

காலையிலிருந்து சாரல். சேலை காயவில்லை. கட்டுரை நோட்டுகள் பாதிதான் திருத்தியாயிற்று.

வாசகசாலைச் செயலாளர் வந்தார். "டீச்சர், அடுத்த சனிக்கிழமை நீங்க பேசணும். இங்கிலீஷ் எழுத்தாளர் ஒருத்தரோட சின்ன வயசு. தமிழ்லே."

யாரைப் பற்றி என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

12 ஜூலை, ஞாயிறு

குறிப்பு:
எழுத்தாளர் பிறந்தது பம்பாயில்.
ஆறு வயது ஆகுமுன், இங்கிலாந்தில் ஒரு கடற்கரை ஊரில், முன்பின் தெரியாத வீட்டில் விட்டுவிட்டுத் தாயும் தகப்பனும் திரும்பிவிட்டார்கள். பிள்ளையிடம் சொல்லிக்கொள்ளவில்லை.
வீட்டுக்காரியிடம் அடி. நரகத்தைச் சொல்லி மிரட்டல்.
கண் மங்கியது, யாரும் கவனிக்கவில்லை.
'பொய்யன்' என்று அட்டை மாட்டிப் பள்ளிக்கு அனுப்பினாள்.
வளர்ந்தபின் அவளைக் கதையில் எழுதினார்.

நான்: ஏறக்குறைய அதே வயது. அப்பாவுக்குக் கொழும்பில் கடை. என்னை வடசேரியில் பெரியப்பா வீட்டில் விட்டார்கள். ஒன்பது வருஷம். ஒருநாள் பெரியம்மையின் கம்மல் காணாமல் போனது. அன்றுமுதல் வீட்டுக்கு யார் வந்தாலும் நான் நடையில் நின்று "நான் களவாணி" என்று சொல்ல வேண்டும். சொன்னேன்.

பெரியம்மைக்கு ஆள் அனுப்பினேன். முதல் வரிசையில் நாற்காலி, கட்டாயம் வரவும்.

18 ஜூலை, சனி

நல்ல கூட்டம். தொண்டை கட்டியிருந்தது, சுக்குவெந்நீர். பெரியம்மையை மட்டுமே பார்த்துப் பேசினேன். அட்டை மாட்டிய இடம் வந்ததும் அழுதாள். பக்கத்துப் பெண்ணிடம் உரக்க, "பச்சப்பிள்ளைய இப்பிடிச் செய்வாளா? வெளங்குவாளா அவ? நாசமாப் போவா!"

முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லாப் பேசினே மக்கா."

அந்த வீட்டுக்காரியில் தன்னைத் தெரியவில்லை அவளுக்கு. கையை உருவிக்கொண்டேன்.

19 ஜூலை, ஞாயிறு

வடசேரிக்குப் போனேன். பெரியம்மை உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். நேராகவே சொன்னேன்: "அந்தப் பொம்பள நீங்கதான் பெரியம்மை."

முறம் நின்றது. பிறகு, "கம்மல நீ எடுக்கல்ல. எம் மவன்தான் எடுத்தான். மூணாம் நாளே தெரியும், கேட்டியா."

"பின்னே என்னை ஏன் சொல்ல வச்சீங்க?"

"ஆம்பளப்பிள்ளை. களவாணின்னு பேரு வந்தா யாரு பொண்ணு தருவா?"

தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

25 ஜூலை, சனி

பேச்சை வாசகசாலை ஆண்டு மலருக்குக் கேட்டார்கள். கொடுத்தேன். எழுத்தாளர் வாழ்க்கை நாலு பக்கம். பின்னால் என்னுடையது இரண்டு பக்கம். பெரியம்மை பெயர், தெரு, கம்மல், மகன், எல்லாம்.

செயலாளர் அங்கேயே படித்தார். "பேர மட்டும் மாத்திரலாமா டீச்சர்?"

"மாத்தினா தர மாட்டேன்."

அச்சாகப்போகிறது என்று வடசேரிக்கு நானே ஒரு கார்டு போட்டேன்.

2 ஆகஸ்ட், ஞாயிறு

சோப்பு தீர்ந்துவிட்டது. வாங்கப் புறப்படும்போது அண்ணன் வந்தார், பெரியம்மையின் மகன். உட்காரவில்லை. "அம்மை நாலு நாளாச் சோறு திங்கல்ல. நான் கோயில் கமிட்டியிலே இருக்கேன். பேர எடுத்திரு மக்கா."

"களவெடுத்தது நாந்தான்னு இந்த நடையில நின்னு சொல்லுங்க. எடுத்திருதேன்."

தெருவில் ஆள் நடமாட்டம். இரண்டு பக்கமும் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சோறு திங்கவில்லையாம். நானும் எத்தனையோ நாள் திங்கவில்லை.

14 ஆகஸ்ட், வெள்ளி

வெயில். அச்சகத்திலிருந்து புரூப் வந்தது. என் பக்கங்களை மூன்று முறை படித்தேன். ஒரே ஒரு பிழை. பெரியம்மையின் பெயர், 'பகவதியம்மை' என்பது 'பவதியம்மை' என்று விழுந்திருந்தது.

'க' சேர்த்துத் திருப்பி அனுப்பினேன்.