மெர்ஸூகா வழியில் இரண்டு பேர்

மிதெல்த்
ஏப்ரல் 9, 1994

அன்பு மகள் தூதாவுக்கு,

அப்பா எழுதுவது. அல்லாஹ்வின் அருளால் நலம். உன் உடம்பும் மனசும் நன்றாக இருக்கட்டும். ஓய்வு பெற்ற நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேனே, அந்தப் பறவைப் பயணம் ஒருவழியாகத் தொடங்கிவிட்டது. மெக்னேஸிலிருந்து மலையேறி நேற்று இங்கே வந்து சேர்ந்தோம். ஏற்றத்தில் வண்டி கொதித்துப் புகைந்தது. வழியில் ஒரு ஆட்டிடையன் தண்ணீர் கொடுத்தான்.

விடியும்போது சமவெளியில் போய் நின்றோம். ஒரு வானம்பாடி புதருக்குள்ளிருந்து பாடுகிறது, தலையை மட்டும் காட்டமாட்டேன் என்கிறது. குளிரில் குப்புறப் படுத்துக்கூடப் பார்த்தோம். "பறவை பாக்க வந்தோமா, கேக்க வந்தோமா?" என்று ஒரே சிரிப்பு.

நாளை தெற்கே பாலைவனத்துக்கு இறங்குகிறோம். மெர்ஸூகாவில் முபாரக்கின் விடுதி முகவரிக்கு எழுது. உன்னிடம் வருவதற்கான விசா வேலையை மறக்கவில்லை, திட்டாதே. ஊர் திரும்பியதும் போகிறேன்.

உன் அப்பா
பஸ்ஸூ


லியோன்
ஏப்ரல் 17, 1994

அன்புள்ள அப்பா,

நலம். உங்கள் கடிதத்தை மருத்துவமனை கேன்டீனில் வைத்துப் படித்தேன். முதலில் சிரித்தேன். பிறகு மறுபடி படித்தேன். வந்து சேர்ந்தோம், நின்றோம், குப்புறப் படுத்துப் பார்த்தோம். யார் அப்பா அந்த இன்னொருவர்?

அத்தையிடம் தொலைபேசியில் பேசினேன். நம் தெரு மருந்துக்கடை ஸுஹூர் அம்மாவும் ஊரில் இல்லையாம். அதை அத்தை சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நம்பவும் பிடிக்கவில்லை.

அம்மா போய் மூன்று வருடம்தான் ஆகிறது. இங்கே உங்களுக்கென்று ஜன்னலோர அறையை ஒழித்து, புதுத் திரை தைத்து மாட்டியிருக்கிறேன். பக்கத்திலேயே ஆறு. நாரையெல்லாம் வரும். அந்த வெயிலில் என்ன இருக்கிறது?

உடனே பதில் போடுங்கள். இந்த முறை 'நான்' என்றே எழுதுங்கள்.

உங்கள் மகள்
தூதா


ரிஸ்ஸானி
ஏப்ரல் 29, 1994

என் கண்ணே தூதா,

'நான்' என்று எழுதிப் பார்த்தேன், வரவில்லை. ஆம், ஸுஹூர்தான். தனித்தனி அறை, தனித்தனிச் செலவு. அத்தையிடம் அதையும் சொல்லிவிடு.

இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். பயப்படாதே, எனக்கு ஒன்றுமில்லை.

நேற்றுக் காலை மணல்மேடுகளுக்கு அப்பால் ஒரு குட்டைக்குக் கல்கௌதாரி பார்க்கப் போனோம். ஆண் பறவை மார்புச் சிறகைத் தண்ணீரில் அமுக்கி அமுக்கி நனைத்துக்கொண்டு, எங்கோ பொட்டலில் கிடக்கும் குஞ்சுகளுக்குக் குடிக்கக் கொண்டுபோகிறது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்புகையில் சக்கரம் மணலில் புதைந்துவிட்டது. அனல் காற்று வேறு. வேண்டாம் என்றாலும் கேட்காமல் ஸுஹூரும் என்னோடு மண்ணை வாரினார். திடீரென்று பேச்சு குழறி அப்படியே சரிந்துவிட்டார். தலையை மடியில் வைத்து, முக்காட்டை நனைத்து நனைத்துப் போட்டேன். பேரீச்சம்பழ லாரிக்காரர் ஒருவர் கண்டு நிறுத்தி ஏற்றிக்கொண்டு வந்தார்.

இங்கே நர்ஸ் கேட்டாள், "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"வீட்டுக்காரர்." வாயிலிருந்து வந்துவிட்டது.

குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கண்ணைத் திறக்காமலே ஸுஹூர் கேட்டார், "எனக்குத் தெரியாம எப்ப நடந்துச்சு? பொண்ணுக்கு மஹர்னு என்ன குடுத்தீங்க?"

"கல்கௌதாரி காட்டினேனே."

"அத நான்தானே மொதல்ல பாத்தேன்!"

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள். வெளியே வந்து இந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். உன் அம்மாவுக்காகவும் இப்படி ஒரு வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். நீயும் பக்கத்தில் இருந்தாய். இன்னொரு முறை அப்படித் தனியாக எழுந்து வீட்டுக்குப் போக என்னால் ஆகாது.

அவரை நிக்காஹ் செய்துகொள்ள ஆசைப்படுகிறேன். கேட்டும்விட்டேன். "மகள் என்ன சொல்றான்னு பாருங்க" என்கிறார். லியோனுக்கு விருந்தாளியாக வருவேன், குடியிருக்க வரமாட்டேன். நீ தைத்த திரையை நினைத்தால்தான் மனசு கஷ்டப்படுகிறது.

உன் ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கும்
அப்பா


லியோன்
ஜூன் 2, 1994

மரியாதைக்குரிய ஸுஹூர் அம்மா அவர்களுக்கு,

பஸ்ஸூவின் மகள் தூதா எழுதுவது. அப்பாவுக்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். கோபமாக எழுதினால் பொய்யாகத் தெரிந்தது, சந்தோஷமாக எழுதினாலும் அப்படித்தான். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

உடம்பு தேறிவிட்டதா? வெயிலில் ஒருமுறை விழுந்தவர்கள் இந்தக் கோடையில் மிகக் கவனமாக இருக்கவேண்டும். நானும் நர்ஸ்தான்.

அப்பா ரத்த அழுத்த மாத்திரையை "போட்டாச்சு" என்பார். நம்பாதீர்கள், அட்டையை வாங்கிப் பாருங்கள். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பினால் தேநீரில் இன்னொரு சர்க்கரைக் கட்டியைப் போட்டுக்கொள்வார். கோபம் வந்தால் பேசமாட்டார். ரொட்டியைப் பிய்த்து உங்கள் பக்கம் நகர்த்தினால் சமாதானம் என்று அர்த்தம். சில இரவுகளில் தூக்கத்தில் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அப்போது மட்டும் அவரை எழுப்பாதீர்கள். தானாக அடங்கிவிடும்.

எனக்கு ஜூலையில்தான் விடுப்பு. அதற்கு முன்னால் நிக்காஹை வைத்துவிடாதீர்கள்.

அன்புடன்
தூதா