செம்பில் இருந்தது தண்ணீரல்ல

நேற்று வத்தலக்குண்டு பஸ்ஸுக்காக நின்றபோது பக்கத்தில் ஒருவன் இளநீர் சீவினான். அந்த வாடை மூக்கில் ஏறியதுமே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. நீங்கள் என்னைத் தனியே விட்டுக் கண்மூடி ஏழு மாதமாகிறது. பன்னிரண்டு வருஷத்துப் பயம் மட்டும் என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

நம் சபைக்கு நீங்கள் உபதேசியார். திண்டுக்கல்லிலிருந்து குருவானவர், நம் ஐயர், மாதம் ஒருமுறை வருவார். நற்கருணையும் ஞானஸ்நானமும் அன்றைக்குத்தான். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் நடத்துவதும் பாடம் வாசிப்பதும் நீங்கள். சாகக் கிடக்கிற பிள்ளைக்கு மட்டும் தனக்காகக் காத்திராமல் சபையார் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று ஐயர் சொல்லி வைத்திருந்தார். அப்படி ஒரு நாள் வரவே கூடாது என்று நீங்கள் ஜெபித்தது எனக்குத் தெரியும்.

வந்துவிட்டது. அடுத்த வீட்டு மேரியின் பிள்ளை, பிறந்த மூன்றாம் நாள் நடுப்பகலில் நீலம் பாரித்துப்போனது. ஓடினோம். "செம்புல தண்ணி கொண்டா புள்ள" என்றீர்கள். அடுப்படியில் நிறைந்திருந்த செம்பை அப்படியே தூக்கி வந்தேன். உச்சியில் மூன்று தரம் ஊற்றி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொல்லி முடித்தீர்கள். அப்போது மேரியின் மாமனார் உள்ளே வந்து, "என் இளநிய எவ எடுத்தா? நீர்க்கடுப்புக்குல்ல வெட்டி ஊத்தி வச்சேன்!" என்று சத்தம் போட்டார்.

ஐயோ, உங்கள் முகம் போன போக்கு! என்னைச் சுவர் ஓரமாக இழுத்துப் போனீர்கள். "தண்ணிதான் செல்லும். இது செல்லுமா செல்லாதான்னு தெரியலையே. செல்லும்னா மறுபடி குடுக்குறது பாவம். செல்லாதுன்னா பிள்ள ஞானஸ்நானம் இல்லாமப் போயிரும். கல்லறைத் தோட்டத்துல ஜெபம் பண்ணிப் பொதைக்கக்கூட ஏலாது." எனக்கோ பயத்தில் கோபம்தான் வந்தது.

"பாவம்னா என் தலையில விடியட்டும்" என்று கிணற்றுக்கு ஓடினேன். கோயிலில் அதுவரை ஒரு வசனம்கூட வாய்விட்டு வாசிக்காதவள் நான். பிள்ளையைக் குனிந்து பார்த்ததும் பாதித் தண்ணீர் பாயில் கொட்டிவிட்டது. நீங்கள்தான் காதருகே, "கை நடுங்குனா நடுங்கட்டும் புள்ள, தண்ணி விழுந்தாப் போதும்" என்றீர்கள். ஊற்றினேன். நீங்கள் சொல்லிக் கேட்ட வார்த்தைகளையே சொன்னேன். சாயங்காலம் பிள்ளை பால் குடித்தது.

அதற்கப்புறம்தான் பெரிய பயம். பிழைத்த பிள்ளையை ஐயர் சபை முன்னால் விசாரித்துத்தான் ஏற்றுக்கொள்வார். அவர் கோபித்துக்கொண்டு உங்கள் வேலையை எடுத்துவிட்டால் எங்கே போவோம்? "நாந்தான் குடுத்தேன், தண்ணியிலதான்னு மட்டும் சொல்லிருங்க" என்று மூன்று வாரமாகக் கெஞ்சினேன். நீங்கள் வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவீர்கள்.

"இந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தது யார்? எதைக் கொண்டு கொடுத்தது?" என்று கோயிலில் ஐயர் கேட்டார்.

"மொதல்ல நான், ஐயா. தெரியாம இளநீர்ல குடுத்துட்டேன். பெறகு என் வீட்டுக்காரி கெணத்துத் தண்ணியில குடுத்தா."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். ஐயர் என் பக்கம் திரும்பி, "என்ன வார்த்தைகளைச் சொன்னீர்கள், அம்மா?" என்றார். எழுந்து நின்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சரியாகத்தான் கொடுத்திருக்கிறீர்கள்" என்று சொல்லி, கொடுத்தவர் என்று பதிவேட்டில் என் பெயரை எழுதினார். உங்கள் வேலையும் போகவில்லை. பிள்ளைக்கு எஸ்தர் என்று பெயர். ஊருக்கு அவள் இன்றுவரை 'இளநி'தான்.

புது உபதேசியார் வரும்வரை உங்கள் இடத்தில் நின்று பாடம் வாசிக்கச் சொல்லி ஐயர் என்னைக் கேட்டிருக்கிறார். வருகிற ஞாயிறு முதல் தரம். இன்று சாயங்காலம் காலிக் கோயிலில் வாசித்துப் பழகினேன். வேதப்புத்தகம் கையில் ஆடியது, தொண்டை வறண்டு பாதி வசனத்தில் நின்றுவிட்டேன். அன்று நீங்கள் காதருகே சொன்னதை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அப்போதும் கை நடுக்கம் நிற்கவில்லை.

கோயிலைக் கூட்டிக்கொண்டிருந்த எஸ்தர் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஒரு செம்போடு வந்தாள்.

"குடிங்க பெரியம்மா. பயப்படாதீங்க, நான் குடிச்சுப் பாத்துட்டேன். தண்ணிதான்."